ஊட்டிக்கு வருகிறீர்களா? ஓவியத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

2021-ல் லண்டன் பூங்காக்களிலும் 2024-ல் நியூயார்க்கிலும் நிஜ உயரத்தில் யானைச் சிற்பங்கள் கூட்டமாக நின்றனவே, பார்த்தீர்களா? அவை நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் பிறந்தவை. காட்டை மூடிக் கெடுக்கும் உண்ணிச்செடியை வெட்டி, தண்டை வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டியவர்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் பழங்குடியினர். நம் ஆட்களோ பூங்கா, படகு இல்லம் பார்த்து, வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

இங்குள்ள ஓவியக் கேலரிகள் சிறியவை, கண்காட்சியும் ஆண்டு முழுக்க இருக்காது. கூகுள் காட்டும் நேரத்தை நம்பாமல் ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். மே மாத நெரிசலைத் தவிர்த்தால் ஓவியரோடு நின்று பேசவும் வாய்க்கும்.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது குறும்பர் ஓவியம். முன்பு சுவரில் வரைந்தது, இப்போது தாளுக்கும் துணிக்கும் வந்திருக்கிறது. வேங்கைப் பிசின், மண், இலைச்சாறு, இவைதான் வண்ணம். கிட்டப் போய்ப் பாருங்கள்: செங்குத்துப் பாறையில் தேனடை, கொடியேணியில் தொங்கும் ஆள். முகத்தில் கண், மூக்கு தேடாதீர்கள். கோடுகளே கதை சொல்லிவிடும். கோத்தகிரியில் பழங்குடியினர் பொருட்கள் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். பின்னணி தெரிய வேண்டுமானால் ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அரசு இடம் என்பதால் வேலைநாளில் பகலில் போங்கள்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். மாதிரி வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். சந்தையில் மெஷின் நகலும் உண்டு. ரொம்ப மலிவாகச் சொன்னால் சந்தேகப்படுங்கள். யார் தைத்தது, எந்த மந்து (தோடர் குடியிருப்பு) என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். அப்புறம், பேரம் பேசாதீர்கள். ஒரு சால்வைக்குப் பல வாரம் பிடிக்கும்.

சொந்த வண்டியோ வாடகைக் காரோ, மலைக்கு வர இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டு கார்டு எல்லா இடத்திலும் செல்லாது, கையில் ரொக்கம் வையுங்கள். ஓவியத்தை ஃப்ரேம் போடாமல் வாங்கி, சுருட்டிக் குழாயில் போட்டுக் கைப்பையோடு எடுத்துச் செல்லுங்கள். மழைக்காலமென்றால் மேலே தண்ணீர் புகாத துணி உறை ஒன்று அவசியம். பாலிதீன் வேண்டாம், இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை.