மீனைப் பார்த்து ராட் வாங்காதீர்கள்: வால்ஐ ஜிக்கிங்கில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல ஏரிகளில் வால்ஐ என்ற மீனைப் பிடிக்க அனுமதி திறப்பது மே மாதம். அந்த வாரம் மீன்பிடிக் கடைகளில் ராட் (தூண்டில் கழி) அடுக்கியிருக்கும் பக்கம் கூட்டம் நெரியும். (அங்கே பாதிப் பேர் அதை பிக்கரல் என்பார்கள், இரண்டும் ஒரே மீன்தான்.) புதிதாக வருபவர் எந்த ராட்டை எடுப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாங்களெல்லாம் முதல் வருடங்களில் காசைத் தொலைத்த அதே இடத்தில்தான் அவரும் தொலைக்கப் போகிறார். முடிச்சு அவிழ்வது, லைசென்ஸ் மறப்பது போன்றவற்றை ஒரு தடவை பட்டால் தானே திருத்திக்கொள்வார்கள். ராட் விஷயம் அப்படியில்லை. தவறு நடந்ததே தெரியாமல் மூன்று சீசன் ஓடிவிடும்.

காரணம், இந்த மீன் கடிக்கும் விதம். ஜிக் என்பது ஈயத் தலை வார்த்த ஒற்றை முள். அதில் ரப்பர் புழுவையோ பொடி மீனையோ கோர்த்து, அடியைத் தொடவிட்டு, ஒரு சாண் தூக்கி, மறுபடி இறக்க வேண்டும். வால்ஐ பெரும்பாலும் இறங்கும் நேரத்தில்தான் எடுக்கும். வெட்டி இழுக்காது, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், சந்தேகம் வந்தால் அப்படியே துப்பிவிடும். கைக்கு வரும் சேதி ஒரே ஒரு ‘டக்’. சில நாள் அதுவும் கிடையாது. தூக்கும்போது ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம், அல்லது ஜிக் தரை தட்டுவதற்கு முன்பே தூண்டில் நரம்பு தளர்வது, அவ்வளவுதான். இந்தச் சேதியைக் கைக்குக் கொண்டுவருவதுதான் ராட்டின் முதல் வேலை. மீனை இழுப்பது அதற்கு அப்புறம்.

மீனின் எடைக்கு ராட் வாங்குவது

கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி: “வால்ஐ எத்தனை கிலோ வரும்?” பத்து பவுண்டு மீனின் படத்தை யாராவது காட்டியிருப்பார்கள். உடனே மீடியம்-ஹெவி, அதாவது எளிதில் வளையாத விறைத்த ராட் ஒன்று கைக்கு வந்துவிடும். ஆட்டுக்குட்டியைக் கட்ட யானைச் சங்கிலி வாங்கிய கதை.

கேட்க வேண்டிய கேள்வி, “என் ஜிக் எவ்வளவு எடை?” என்பது. ராட்டின் அடிப்பகுதியில், கைப்பிடிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் இரண்டு அளவுகள் அச்சிட்டிருக்கும்: எத்தனை பவுண்டு தாங்கும் நரம்பு, எத்தனை அவுன்ஸ் இரை. வால்ஐ ஜிக்கிங்கில் அதிகம் புழங்குவது 1/8 அவுன்ஸ் (சுமார் மூன்றரை கிராம்) முதல் 3/8 அவுன்ஸ் (சுமார் பத்தரை கிராம்) வரை. இந்த எடை, ராட்டில் எழுதிய வரம்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் போதாது. 3/8 முதல் 1 அவுன்ஸ் வரை என்று எழுதிய ராட்டில் 1/8 ஜிக்கைக் கட்டினால் நுனிக்கு அப்படி ஒரு பொருள் தொங்குவதே தெரியாது. வீசினால் தூரம் போகாது, ஏனென்றால் வளைந்து நிமிர்ந்தால்தான் ராட் வீசும். இறக்கினால் ஜிக் தரையைத் தொட்டதா, பாசியில் உட்கார்ந்ததா, மீன் எடுத்ததா, எல்லாம் ஒரே மௌனம். படகில் ஒரு பக்கம் இருப்பவர் நாலு மீன் ஏற்றியிருப்பார். மறுபக்கம் இருப்பவர் “இன்னைக்குக் கடியே இல்லை” என்பார். அவருக்கும் கடித்திருக்கும்.

‘பெரிய மீன் வந்தால் தாங்குமா?’ என்ற பயத்துக்குக் கணக்கிலேயே பதில் உண்டு. இந்த வேலைக்குக் கட்டும் நரம்பு 8 பவுண்டு, அதாவது மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல். நரம்பு சுற்றும் ரீலின் டிராகை (நரம்பை ஓடவிடாமல் பிடிக்கும் பிரேக்கை) அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். ஏறக்குறைய ஒரு கிலோ. அந்த இழுவையைத் தாண்டினால் ரீல் தானே நரம்பை விட்டுக்கொடுக்கும். ஆக, மீடியம்-ஹெவியின் கூடுதல் வலு ஒருநாளும் வேலைக்கே வராது. அதற்குக் கொடுத்த காசுக்கு நீங்கள் வாங்கியது விறைப்பு மட்டும். மீன் படகருகே வந்து தலையை உதறும்போது, நீளாத பிரெய்டும் (பின்னல் நரம்பு) வளையாத ராட்டும் சேர்ந்தால் முள் குத்திய துளை அகன்று, முள் கழன்று போகும். இதே மீனை மீடியம்-லைட் என்ற இளகிய ராட் வளைந்து கொடுத்தே களைக்க வைத்திருக்கும்.

இதுவரை சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். எரிச்சலூட்டுவது இதற்கு அடுத்த படி. விறைத்த ராட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் ராட்டைக் குறை சொல்ல மாட்டார்கள், ஜிக்கை மாற்றுவார்கள். மூன்று மீட்டர் தண்ணீரில் அரை அவுன்ஸ் ஈயம்! இப்போது நுனியில் கனம் தெரிகிறது, மனசுக்கும் திருப்தி. ஆனால் அந்த ஆழத்தில் மீன் பார்ப்பது மெதுவாக மிதந்து இறங்கும் பொடி மீனை அல்ல, கல் மாதிரி விழும் ஈயத்தை. பாறை அடியென்றால் நாலு இறக்கத்துக்கு ஒரு ஜிக் சிக்கி அறும். ராட்டுக்காக ஜிக்கை மாற்றுவது, செருப்புக்காகக் காலை வெட்டுவது போல. பிறகு ‘இந்த ஏரியில் மீனே இல்லை’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். ராட்டுக்கும் காசு, அறுந்த ஜிக்குகளுக்கும் காசு, அடுத்த வருடம் மறுபடி ஒரு ராட்டுக்கும் காசு.

வாங்கும் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் நீங்கள் போகும் தண்ணீரின் ஆழம். காற்று அதிகமில்லாத ஏரியில் பத்தடி ஆழத்துக்கு 1/8 அவுன்ஸ் என்பது பழைய கணக்கு: பத்தடிக்கு 1/8, இருபதடிக்கு 1/4, முப்பதடிக்கு 3/8. காற்றில் படகு ஓடினால் ஒரு படி கூட்டுங்கள். மீன் மந்தமாக இருந்தால் ஒரு படி குறையுங்கள். ஜிக் முடிவானால் நரம்பு முடிவாகும். நரம்பு முடிவானால், கடையில் ஐம்பது ராட் இருந்தாலும் உங்களுக்குரியவை நாலைந்தாகக் குறைந்துவிடும். பெரும்பாலான ஏரிகளுக்கு அது மீடியம்-லைட், ஃபாஸ்ட் ஆக்‌ஷன்.

விதிவிலக்கு ஆறு. வசந்தத்தில் ஈரி ஏரியிலிருந்து டெட்ராய்ட் ஆற்றில் முட்டையிட ஏறும் வால்ஐக்கு, நீரோட்டத்தோடு படகை நழுவவிட்டு நேர்கீழே ஜிக் இறக்குவார்கள். அந்த ஓட்டத்தில் 1/4 அவுன்ஸ் அடிக்கே போகாது. அரை, முக்கால் அவுன்ஸ், சில நாள் அதற்கும் மேல் வேண்டும். அங்கே மீடியம் ராட்தான் சரி. மீன் பெரிதென்பதால் அல்ல, ஈயம் கனம் என்பதால்.

‘ஃபாஸ்ட்’ வேறு, ‘ஹெவி’ வேறு

பவர் என்பது ராட்டை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனியின் மூன்றிலொரு பங்கு வளையும், கீழே நிமிர்ந்து நிற்கும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்றால் அதைவிடக் குறைவு. மாடரேட் என்றால் பாதிவரை வளையும். ‘லேசான ராட் போதும்’ என்ற அறிவுரையைக் கேட்டுவிட்டு மீடியம்-லைட் மாடரேட் வாங்கிவந்து நிற்பவர்கள் உண்டு. அதில் கடி தெரிந்தாலும், சுண்டி முள்ளை ஏற்றுவதற்குள் ராட் பாதி தூரம் வளைந்து நேரத்தைத் தின்றுவிடும். மீன் அதற்குள் துப்பியிருக்கும்.

இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவரின் மீடியம்-லைட் இன்னொருவரின் மீடியம். அதனால் உங்கள் ரீலையும் ஒரு 1/4 அவுன்ஸ் ஜிக்கையும் கடைக்கு எடுத்துப் போங்கள். ரீலை மாட்டி, நரம்பைக் கோர்த்து, ஜிக்கை நுனியிலிருந்து ஒரு முழம் தொங்கவிட்டு, ராட்டைப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். நுனியின் கடைசிச் சில அங்குலம் மட்டும் லேசாகத் தாழ வேண்டும். அசைவே இல்லையென்றால் விறைப்பு அதிகம். நடுப்பகுதி வரை தாழ்ந்தால் தொளதொளப்பு. மணிக்கட்டால் ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். நுனி ஆடி அடங்க நேரம் எடுத்தால் கீழே வையுங்கள். வெறும் ராட்டைக் காற்றில் விசிறிப் பார்ப்பதால் காற்று வருவதைத் தவிர வேறு பயனில்லை.

நீளம்

படகிலிருந்து நேர்கீழே இறக்க 6 அடி முதல் ஆறரை அடி. வீசி இழுக்க 6 அடி 8 அங்குலம் முதல் 7 அடி. கரையிலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ என்றால் 7 அடிக்குக் குறையாமல். இருபது மீட்டர் தள்ளி விழுந்த ஜிக்கில் கடி வந்தால், நடுவில் தொய்ந்து கிடக்கும் நரம்பு முழுவதையும் ஒரே சுண்டலில் அள்ள வேண்டும். குட்டை ராட் அள்ளாது. நேர்கீழே இறக்கும்போது அந்த நீளமே எதிரி: நுனி தூரத்தில் நின்று ஒவ்வொரு அலைக்கும் காற்றுக்கும் ஆடும், ஜிக் நீங்கள் சொல்லாத நடனமெல்லாம் ஆடும்.

டிரோலிங் ராட்டில் ஜிக்கிங்

முடியாது. இரையைப் படகில் கட்டி இழுக்கும்போது அதிர்ச்சியை விழுங்கத்தான் அது தொய்வாகச் செய்யப்பட்டது. உங்கள் ‘டக்’கையும் சேர்த்து விழுங்கிவிடும்.

பனித்துளை ராட்

உறைந்த ஏரியில் துளையிட்டுப் பிடிக்கும் ராட் இது, இரண்டரை அடிதான் இருக்கும். படகுக்குக் கொண்டுவராதீர்கள்.

உயர்ந்த ராட், மட்டமான நரம்பு

கிராஃபைட் ராட்டுக்கு முந்நூறு டாலர் கொடுத்துவிட்டு, ரீலோடு இலவசமாக வந்த தடித்த நைலான் நரம்பில் ஜிக் கட்டுவது வீண் செலவு. நைலான் ரப்பர் மாதிரி நீளும். இருபதடிக்குக் கீழே நடந்த சின்னத் தட்டல் மேலே வருவதற்குள் தேய்ந்துபோகும். நூறு டாலர் ராட்டும் நல்ல பிரெய்டும் அதைவிட அதிகம் பேசும். 10 பவுண்டு பிரெய்டு, அதன் முனையில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு இரண்டு முதல் மூன்றடி. பிரெய்டு பளிச்சென்ற மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கட்டும். கையில் தெரியாத கடி, தண்ணீரைத் தொடும் இடத்தில் நரம்பு துள்ளுவதில் கண்ணுக்குத் தெரியும். இணைப்பு முடிச்சின் வால்களை ஒட்ட வெட்டாவிட்டால், நரம்பு ஓடும் வளையங்கள் சின்னதாக உள்ள ராட்டில் ஒவ்வொரு வீச்சுக்கும் தட்டித் தட்டி முடிச்சு நைந்துவிடும்.

ஒரு திருத்தம். மார்ச் மாதக் குளிரில் பிரெய்டு தண்ணீரைச் சுமந்து வந்து வளையங்களில் ஐஸாக உறையும். அந்த நாட்களில் 6 பவுண்டு நைலானுக்குத் திரும்புவதில் வெட்கமில்லை.

ரீல் பொருந்தாதது

2500 அளவு ஸ்பின்னிங் ரீல் இந்த வேலைக்குப் போதும். ரீலை மாட்டியபின், ரீல் காலின் முன்பக்கத்தில் ஒற்றை விரலை வைத்து ராட்டை நிறுத்துங்கள். ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். நுனி கீழே சாய்ந்தால், நாள் முழுக்க அதைத் தூக்கிப் பிடிக்கக் கைப்பிடியை இறுக்க வேண்டிவரும். இறுகிய கைக்கு அதிர்வு தெரியாது. ரீலின் கால் உங்கள் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் வரட்டும். ஆள்காட்டி விரல் ராட்டின் தண்டைத் தொட்டபடி இருக்கட்டும்.

இரண்டு துண்டு ராட்

தாராளமாக வாங்கலாம், மூட்டு ஆடாவிட்டால்.

வாங்கியபின் உடைப்பது

கிராஃபைட் மீனால் உடைவது அபூர்வம். உடைவது மூன்று இடங்களில். ஒன்று, காரின் கதவு. இரண்டு, மீனை வலையில் ஏந்தும் தருணம்: படகோரம் வந்த மீனைத் தூக்கும் அவசரத்தில் ராட்டைத் தலைக்குப் பின்னால் சாய்ப்பார்கள், வளைவு முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்ச் சேரும், ‘படக்’. அடிக்கட்டையைத் தோள் உயரத்துக்கு மேல் ஏற்றாமல், இரண்டடி பின்வாங்கி மீனை வலையை நோக்கி இழுங்கள். மூன்று, ஈயத் தலை தட்டிய பழைய காயம். ஓடும் படகில் ஜிக் தண்டில் மோதி மோதி, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். என்றோ ஒருநாள் அரைக்கிலோ மீனுக்கு அந்த இடத்தில் உடையும். அப்போது ‘மட்டமான ராட்’ என்று பெயர் வாங்கும்.

ஜிக்கை வளையத்தின் உள்விளிம்பில் மாட்டி வைப்பதும் இதே ரகம். முள்முனை பீங்கான் வளையத்தை வெடிக்க வைக்கும், வெடிப்பு நரம்பை அறுக்கும். கைப்பிடிக்கு மேலே இதற்கென்றே ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. ஏற்கெனவே வெடித்திருக்கிறதா என்று பார்க்க, காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு இழை எந்த வளையத்தில் சிக்குகிறதோ, அதை மாற்ற வேண்டும்.