மேட்சிங் சென்டர் துணியில் ஆமிஷ் குயில்ட்

ஆமிஷ் என்பவர்கள் அமெரிக்காவில் எளிமையாக வாழ்கிற ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; குயில்ட் என்பது மேல் துணி, நடு அடுக்கு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கிற விரிப்பு. ஆமிஷ் குயில்ட் தைக்க வெளிநாட்டுத் துணி எதுவும் வேண்டாம். புதுச்சேரி மேட்சிங் சென்டர்களில் ப்ளவுஸுக்குக் கிழித்துக் கொடுக்கிற டூ பை டூ காட்டனே போதும். பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பகுதி ஆமிஷ் பெண்களின் பழைய குயில்ட்களின் மேல்பக்கத்தில் பூப்போட்ட துணி இருக்காது. உடுப்பில் ஆடம்பரம் கூடாது என்பது அவர்கள் சபைக் கட்டுப்பாடு, குயில்ட்டிலும் அந்த வெற்று நிறங்கள்தான். மெரூன், கத்தரிப்பூ நிறம், மயில் நீலம் என்று மூன்று அடர் நிறங்கள் எடுங்கள், வெள்ளை வேண்டாம். மெரூன் கண்டிப்பாகச் சாயம் விடும், அதனால் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசிய பிறகே வெட்டுங்கள்.

முதலில் சென்டர் டயமண்ட் தையுங்கள், அதாவது நடுச் சதுரம் வைரம்போலச் சாய்ந்து நிற்கிற டிசைன்; துண்டுகள் குறைவு. நடுவுக்கு பதினாலரை அங்குலச் சதுரம் ஒன்று. 11 அங்குலச் சதுரம் இரண்டைக் குறுக்கே வெட்டினால் நாலு முக்கோணம் வரும், அவற்றைச் சதுரத்தின் நாலு பக்கமும் கால் அங்குலம் விட்டு மெஷினில் அடித்து, ஓரத்தை நேராக வெட்டினால் சுமார் 20 அங்குலம் நிற்கும். சுற்றிலும் எட்டரை அங்குல பார்டர், மூலைகளில் வேறு நிறச் சதுரம். பார்டர் அகலமாக இருப்பதுதான் லங்காஸ்டர் அழகு, அதைக் குறைத்துவிடாதீர்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பஞ்சு வேண்டாம், நடுவில் பழைய பருத்தி வேட்டி போதும். அடித்துணி நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்துக் கச்சாத் தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை. துண்டுகளை மெஷினில் இணைத்தாலும் மூன்று அடுக்கையும் சேர்க்கிற தையலை அவர்கள் கையால்தான் போடுவார்கள். டெய்லர் சாக்கால் நடுவில் ஒரு நட்சத்திரம், பார்டரில் இறகு அல்லது முறுக்குக் கயிறு வரையுங்கள். சிக்குக் கோலம் போட்ட கைக்கு முறுக்குக் கயிறு சுலபமாக வரும். ஒற்றை நூலில் சின்ன முடிச்சுப் போட்டு, மேல் துணி வழியாக உள்ளே குத்தி லேசாக வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு அடுக்குக்குள் போய் மறைந்துவிடும். பிறகு ஓட்டுத் தையல், அங்குலத்துக்கு ஐந்தாறு வந்தால் ஆரம்பத்துக்கு நல்லது. கீழே இருக்கிற கை விரல் நுனியில் ஊசி லேசாக உரசினால்தான் அடித்துணி வரை போயிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் தொடங்கி வெளியே போங்கள், இல்லையென்றால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.

கடைசியாக மிஞ்சிய துணியை வெட்டிவிட்டு, மூன்றாவது நிறத்தில் பட்டை வைத்து ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள்.