கவுன்சிலிங் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: அடுத்த மூன்று நாளைக் கடக்க ஒரு செய்முறை

சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடியைப் பற்றிப் பேச, நான் மலேசியாவின் ஈப்போவுக்குக் கவுன்சிலிங் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம். சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குத் திரும்பிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) சந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கையில் இருந்த தட்டு நழுவி விழுந்தது. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. எனக்கு வயது 36. அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. உடம்புக்கு அதெல்லாம் தெரியவில்லை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) உட்கார்ந்து, கள்ளுக்கடையிலிருந்து அவருடைய மோட்டார் வருகிறதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன். பேசினால் பாரம் இறங்கும் என்றார்களே, இது ஏறுகிறதே என்று பயந்து நான்காவது வாரம் போகவில்லை. ஐந்தாவது வாரமும் போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் நிறையத் தப்புச் செய்தேன். புதிதாகக் கவுன்சிலிங் போக ஆரம்பித்திருப்பவர்களுக்கு அந்தத் தப்புகள் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவரோ ஆலோசகரோ இல்லை, ஃபேக்டரியில் ஷிப்டு வேலை பார்ப்பவள். உங்கள் ஆலோசகர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், இது ஏன் வருகிறது? என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் மரத்தில் கோடு போட்டு, பால் வடிய ஒரு மங்கு (கிண்ணம்) வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். மரம் அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். பால் எடுக்க அவர் திரும்பி வருவது வெயில் ஏறிய பிறகுதான். கவுன்சிலிங்கும் அப்படித்தான். அறைக்குள் பேசுவது ஐம்பது நிமிடம், ஆனால் கிளறிய ஞாபகம் அந்த ஐம்பது நிமிடத்தோடு நிற்பதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு எரிச்சல், காரணமில்லாத அழுகை, கெட்ட கனவு, எழுந்திருக்க முடியாத அசதி என்று வரலாம். பலருக்கும் இப்படி வருகிறது. வந்ததாலேயே சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மங்கு வைக்காமல் வெட்டியதுதான் என் பிழை.

படி 1: நாளைப் பார்த்து வையுங்கள்

நைட் ஷிப்டுக்கு முந்தின மதியம் வேண்டாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு முதல் நாளும் வேண்டாம், மண்டபத்தில் எந்தச் சித்தப்பா என்ன கேட்பார் என்று சொல்ல முடியாது. மறுநாள் லேசான வேலை இருக்கிற நாளாகக் கேட்டு வாங்குங்கள். அரசாங்க கிளினிக் வழியாகப் போகிறவர்களுக்கு நாளைத் தேர்ந்தெடுக்க அவ்வளவு வசதி கிடையாது. குடிமக்களுக்குக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளி என்கிற கட்டணத்துக்கு, கொடுத்த தேதியில்தான் போக வேண்டிவரும். அப்படியானால் அன்றைய சமையலையாவது முதல் நாளே முடித்து வையுங்கள்.

படி 2: உடனே மோட்டாரில் ஏறாதீர்கள்

இதை அழுத்திச் சொல்கிறேன். ஈப்போவிலிருந்து எங்கள் ஊருக்குச் சுமார் 30 கிலோமீட்டர், பக்கத்தில் லோரி உரசிக்கொண்டு போகிற ரோடு. ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறேன், கண்ணாடி முழுக்க ஆவி. ஒருமுறை வழியில் இருக்கிற செமோர் ஊரை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: முடிந்ததும் கீழே இருக்கிற கடையில் இருபது நிமிடம். சூடாக ஒரு மைலோ, கூடவே ஏதாவது சாப்பாடு, ரொட்டி சானாய் ஆனாலும் சரி. போனைப் பார்ப்பதில்லை. கோப்பை சுடுகிறதா, மேசை பிசுபிசுக்கிறதா, பக்கத்து மேசை அங்கிள் எந்தப் பேப்பர் படிக்கிறார் என்று இந்த மாதிரி அற்ப விஷயத்தைத்தான் கவனிப்பேன். கை நடுக்கம் நின்ற பிறகுதான் சாவியை எடுப்பேன்.

படி 3: அலை அடிக்கும் அந்த ஐந்து நிமிடம்

வீட்டில் திடீரென்று வரும். அப்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அதனால் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கண்ணைத் திறந்து வையுங்கள். "கண்ணை மூடி தியானம் பண்ணு" என்று கோயிலில் சொல்வார்கள், நல்ல எண்ணத்தில்தான். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு லயத்து வீட்டின் கதவுதான் தெரிகிறது. என் போல் பலருக்கும் அப்படி ஆகும்.

பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். சிலிப்பரைக் கழற்றிவிட்டால் சிமெண்டின் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். பிறகு வாய்விட்டு, மெதுவாகவே போதும், சொல்லுங்கள்: இன்றைய தேதி, வருடம், என் வயது, இந்த வீட்டு நம்பர். அடுத்து கண்ணில் படுகிற ஐந்து பொருள். எனக்கு அது தினசரிக் காலண்டர், காற்றாடி, அரிசி டின், அம்மாவின் மூக்குக்கண்ணாடி, பல்லி. பல்லி தினமும் இருக்கிறது.

அப்புறம் மூச்சு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சு வெளியே போகும் நேரத்தில் இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும், அதனால்தான் விடுவதை நீளமாக்குகிறோம். அதற்கும் அடங்கவில்லை என்றால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர். ஒரு பாத்திரத்தில் ஐஸ் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணும் கன்னமும் நனைய சில விநாடி. தண்ணீருக்குள் முங்கும்போது உடம்பு இதயத்தை மெதுவாக்கும், அதே வேலை இங்கேயும் நடக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்யாதீர்கள், மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

சிலருக்கு அலையே அடிக்காது, மரத்துப்போகும். டிவியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் போயிருக்கும், என்ன ஓடியது என்று தெரியாது. இதையும் பொங்கி அழுவதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மூச்சுப் பயிற்சியைவிட அசைவுதான் நல்லது. எழுந்து நடங்கள், துணி பிழியுங்கள், ஊறுகாய் மிளகாயைக் கொஞ்சம் கடியுங்கள்.

படி 4: அதற்குப் பெயர் வையுங்கள்

இதுதான் எனக்கு அதிகம் உதவியது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

"மனசு சரியில்லை." நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். என் ஆலோசகர் ஒரு சீனப் பெண்மணி, நாங்கள் பேசுவது மலாயில். "மாரா" என்று கோபத்தைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். ஒருநாள் அவர், "உன் மொழியில் சொல், எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை" என்றார். தமிழில் சொல்ல ஆரம்பித்தேன், மூன்றாவது சொல்லிலேயே அழுகை வந்தது. அடிபட்டதெல்லாம் தமிழில்தானே.

சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோபம் என்று நான் நினைத்திருந்தது ஒன்று இல்லை. அப்பா பெல்ட்டைக் கழற்றுவதை நினைத்தால் வருவது ஆத்திரம். அப்போது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்பது ஆற்றாமை. ஒரு வார்த்தையாவது யாராவது கேட்டிருக்கலாமே என்பது ஆதங்கம். ஒருநாள் சந்தையில் ஒரு அப்பா தன் மகளின் பள்ளிக்கூடப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எரிச்சல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அது ஏக்கம்.

பெயர் மாறினால் மருந்தும் மாறுகிறது. ஆத்திரம் என்றால் உடம்புக்கு வேலை வேண்டும், நான் வாசலைப் பெருக்குவேன் அல்லது தேங்காய் துருவுவேன். பயம் என்றால் கதவைத் தாழிட்டு, விளக்கைப் போட்டு, "இப்போது யாரும் வரவில்லை" என்று கண்ணால் பார்த்துக்கொள்வேன். ஏக்கத்துக்குப் பெருக்கினால் ஒன்றும் ஆகாது, யாராவது அன்பாகப் பேசுகிறவர்களுக்குப் போன் போட வேண்டும். அவமானம் வந்தால் தனியாக மட்டும் இருக்கக்கூடாது, அது இருட்டில் வளரும்.

ஒரு சின்ன நோட்டில் பெயரையும், பத்துக்கு எத்தனை என்பதையும் எழுதுங்கள். "ஆதங்கம், 7." இது வெறும் நம்பிக்கை இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முகங்களைப் பார்த்து அதில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள்.

படி 5: டின்

மீதி இருப்பதை எங்கே வைப்பது? "ஒரு பெட்டியைக் கற்பனை செய்து, அதில் வைத்து மூடு, அடுத்த முறை வரும்போது திறக்கலாம்" என்றார் ஆலோசகர். எனக்குக் கற்பனை வரவில்லை. அதனால் தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டேன். துண்டுத்தாளில் இரண்டே வரி: என்ன ஞாபகம், எத்தனை மணிக்கு. மடித்துப் போட்டு மூடியை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் முக்கியம். இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் பத்துப் பக்கம் எழுதினால் தனியாக இன்னொரு கவுன்சிலிங் நடத்துகிறீர்கள் என்று அர்த்தம், அதை மூட ஆள் இருக்காது.

படி 6: ராத்திரி

காப்பி, பீர் இரண்டும் வேண்டாம், குறிப்பாகக் குடி வேண்டாம். கெட்ட கனவு வந்து எழுந்தால் படுத்தபடியே போராடாமல், விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, படி 3ஐச் செய்துவிட்டுத் திரும்பப் படுங்கள்.

படி 7: மூன்று நாளைக்கு யாரிடமும் கணக்குக் கேட்காதீர்கள்

கவுன்சிலிங் போய்வந்த ராத்திரியில் எல்லாம் பட்டப்பகல் போலத் தெளிவாகத் தெரியும். யார் அடித்தார், யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அப்படி ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் குடும்ப வாட்சாப் குழுவில் ஏழு நிமிடக் குரல் பதிவு போட்டேன். காலையில் பார்த்தால் அண்ணன் குழுவை விட்டே போய்விட்டார், சின்னம்மா ஒரு பிள்ளையார் படம் அனுப்பியிருந்தார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நேரம்தான் தப்பு.

இப்போது எழுதுவேன், அனுப்புவதில்லை. மூன்று நாள் கழித்தும் அதே வார்த்தையைச் சொல்லத் தோன்றினால் ஆலோசகரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்வேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறார். "பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு?" என்பார். ஆரம்பத்தில் சண்டை போட்டேன். இப்போது, "கொஞ்ச நேரம் தனியா இருக்கேம்மா, அப்புறம் சாப்பிடலாம்" என்பதோடு சரி. ஏன் தடுக்கவில்லை என்று அவரிடம் கேட்க வேண்டியது இருக்கிறது. கேட்பேன், ஆனால் கவுன்சிலிங் போய்வந்த செவ்வாய்க்கிழமை ராத்திரி இல்லை.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, எங்கே போய் வருகிறாய் என்று சந்து முழுக்கக் கேட்கும். ஈப்போ பக்கம் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருப்பதால், அந்த ஊர்ப் பெயரையே கேலிக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். "டாக்டரைப் பார்க்கப் போனேன்" என்றால் போதும். பொய்யும் இல்லை, முழுக்கதையும் இல்லை.

உங்களை நோகடித்தவர் அதே வீட்டில் இருந்து, இன்னும் கை ஓங்கினால் இந்தப் படிகள் போதாது. பாதுகாப்புதான் முதல் வேலை. அரசாங்க உதவி எண் 15999 (தாலியான் காசே), 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

எப்போது இந்த நோட்டை மூடிவிட்டுப் போனை எடுக்க வேண்டும்

சாகலாம் என்ற எண்ணம் வந்தால், கையைக் கிழித்துக்கொள்ளத் தோன்றினால், வாரக் கணக்கில் தூக்கமோ வேலையோ ஓடாமல் போனால், குடிதான் வழி என்று ஆகிவிட்டால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929, 24 மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் (ஹீல்) 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999, இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் நம் ஆட்களுக்கு இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப் பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள்.

படி 8: டின்னோடு போங்கள்

அடுத்த முறை உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இந்த வாரம் எப்படிப் போனது என்பதுதான். "போன தடவை போன பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை" என்று சொன்னால் அவர் வேகத்தைக் குறைப்பார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? நான் இரண்டு வாரம் காணாமல் போனதற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம். இன்னொன்றும் கேளுங்கள்: கடைசிப் பத்து நிமிடத்தில் பழைய கதை வேண்டாம், இறங்கி வருவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாமா என்று. என் ஆலோசகர் அந்தப் பத்து நிமிடத்தில் இப்போது இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்கிறார். போன வாரம் நெத்திலி சம்பல் என்றேன். அவர் வீட்டில் எப்படிச் செய்வார்கள் என்று சொன்னார், வெங்காயமே போடமாட்டார்களாம். அதைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டேதான் கீழே மைலோ குடிக்க இறங்கினேன்.