ஐந்து வருடம் தாண்டியவருக்குக் கொண்டாட்டம்: நாள் குறிப்பது முதல் நேர்த்திக்கடன் வரை

சூலகத்திலோ கருப்பைக் கழுத்திலோ வந்த புற்றுநோய் மூன்றாம் கட்டத்தில் பிடிபட்டு, ஒபரேஷன், கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் கடந்து ஐந்து வருடமாக நோய் திரும்பாமல் இருக்கிறார் என்றால், வீட்டார் அதைக் கொண்டாட நினைப்பது சரிதான். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கல்யாண வீட்டுக் கணக்கில் திட்டம் போட்டால் அடுத்த நாள் அவர் படுத்துவிடுவார். நோய் போனாலும் வைத்தியம் உடம்பில் விட்டுப்போன மிச்சங்கள் இருக்கின்றன. ஏற்பாடு முழுவதும் அவற்றைப் பார்த்தே அமைய வேண்டும்.

முதலில் அவரிடம் தனியே கேளுங்கள். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், தனக்கு என்ன வருத்தம் இருந்தது என்று ஊர் அறிவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். அப்படியென்றால் "நேர்த்திக்கடன் பூசை" என்று சொல்லி அழைத்தால் போதும். பேஸ்புக்கில் படம் போடுவதும் அவர் சம்மதித்தால் மட்டுமே. கொண்டாட்டமே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது கிளினிக் புத்தகத்தைக் கையில் எடுங்கள். முதல் 2 வருடம் ஏறத்தாழ 3, 4 மாதத்துக்கு ஒருமுறை, 5 வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான போக்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையோ, அடுத்த கிளினிக் நெருங்கும் வாரங்களில் அவருக்கு நித்திரை வராது. ஆகவே பரிசோதனை முடிவு கைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து நாள் வையுங்கள். சூலகப் புற்றுநோய்க்காரருக்கு சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனை பார்ப்பதுண்டு. 35க்குக் கீழே என்பது சாதாரண அளவு. ஆனாலும் அதற்குள்ளேயே படிப்படியாக ஏறினால் டொக்டர் கவனிப்பார். ஒரு எண்ணை வைத்து வீட்டிலிருந்தபடி முடிவு கட்டாதீர்கள்.

மாதமும் முக்கியம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது கால் வீக்கமும், சூலகம் எடுத்த பெண்களுக்கு வரும் உடல் சூடும் கூடும். கார்த்திகை, மார்கழியில் மழை வெள்ளம். மாசி, பங்குனி நல்லது.

இனி நேர்த்திக்கடன். பெரிய கேடு நடப்பது இதில்தான். வருத்தம் கடுமையாக இருந்தபோது யாரோ ஒருவர், பெரும்பாலும் தாயார், பெரிய நேர்த்தி ஒன்றை வைத்திருப்பார். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறேன், உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமம் நடக்கிறேன், அல்லது ஆயித்தியமலை மாதாவிடம் கால்நடையாக வருகிறேன் என்று. பக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் கால் விரல் நரம்புகளைப் பழுதாக்கும். வருடங்கள் போனாலும் விறைப்பு மாறாமல் இருக்கலாம். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு கால் விரலாகத் தொட்டுப் பாருங்கள். எந்த விரல் என்று சொல்ல முடியாவிட்டால் தீ மிதிப்பும் சுடுமணலில் வெறுங்கால் நடையும் கூடவே கூடாது. சுட்டது தெரியாது, புண் ஆழமான பிறகுதான் தெரியவரும். கை விரலும் விறைத்திருந்தால் கற்பூரச்சட்டியும் வேண்டாம்.

இடுப்பு நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கும் அங்கே கதிர் பட்டவர்களுக்கும் பல வருடம் கழித்தும் கால் வீங்கலாம். அந்தக் காலில் முள் குத்தினால் கிருமி எளிதில் பரவும். சிவப்பு, சூடு, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் தீர்த்தத்தில் நெரிசலுக்குள் இறங்குவதைவிட, காலில் புண் இல்லாத வேறொரு நாளில் போய்க் கும்பிடலாம். இடுப்பில் கதிர் பட்ட எலும்பும், சூலகம் எடுத்ததால் ஓமோன் குறைந்த எலும்பும் பலம் குன்றியவை. அதனால் விழுந்து விழுந்து கும்பிட்டபடி வீதி சுற்றும் அடியழித்தல் வேண்டாம். வயிற்றில் நீளத் தையல் உள்ளவர் நிறைகுடம் தூக்கினால் அந்த இடம் பிதுங்கிக் குடலிறக்கம் வரலாம். பத்து லீற்றர் தண்ணீர் பத்துக் கிலோ என்பதை மறக்காதீர்கள்.

நேர்த்தியை மாற்றுவது சாமி குற்றம் ஆகிவிடுமோ என்ற பயம் வீட்டில் இருக்கும். அந்தப் பயத்தைச் சிறிதாக எண்ணாதீர்கள். கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடமோ கப்புகனாரிடமோ ஐயரிடமோ அவரைக் கூட்டிப்போய், உடம்பு நிலையைச் சொல்லி, எதை மாற்றாகச் செய்யலாம் என்று கேளுங்கள். சகோதரர் தீ மிதிக்க அவர் பூசைத்தட்டுக் கொடுக்கலாம். வைகாசியில் கண்ணகி அம்மன் குளுத்திக்குப் பொங்கல் வைப்பது நிறைவான மாற்று. பச்சையரிசி 1 கிலோ, வறுத்த பயறு 250 கிராம், சர்க்கரை 750 கிராம், தேங்காய் 2, கஜு கொஞ்சம். பிரசாதமாக 25 பேருக்குக் காணும். பானையை வேறொருவர் இறக்கட்டும். முஸ்லிம் வீடுகளில் கத்தம் ஓதி நார்சா (சாப்பாடு) கொடுப்பதாக இருந்தால், பலர் சேர்ந்து உண்ணும் சகன் தட்டைச் சுற்றி நிலத்தில் இருக்க முடியாதவருக்குக் கதிரை போடுங்கள்.

சாப்பாட்டில், இடுப்பில் கதிர் பட்டவரின் குடல் உறைப்பையும் எண்ணெயையும் தாங்காமல் அவசரமாக வெளியே போக வைக்கும். உறைப்புக் குறைந்த ஒரு கறி தனியாக இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு எருமைத் தயிர் ஒத்துக்கொள்ளும். ஒபரேஷனால் குடல் ஒட்டிப்போனவருக்குப் பலாக்காய், பனங்கிழங்கு போன்ற நார் மிகுந்தவை அடைப்பைத் தரலாம். வயிறு முறுக்கி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். மலசலகூடத்துக்குக் கிட்டவே அவருடைய இருக்கை இருக்கட்டும், கால் உயர்த்த ஒரு ஸ்டூலும் ஒரு காற்றாடியும் வேண்டும். பட்டுச்சேலையை விடப் பருத்தி நல்லது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

வார்ட்டில் கூட இருந்த பெண்களை அழைக்க முன் அவர்களின் வீட்டாரிடம் விசாரியுங்கள். சிலர் இப்போது இல்லாமல் இருக்கலாம், அந்தச் செய்தி அவருக்கு வாசலில் வைத்துத் தெரியவரக் கூடாது. கீமோவில் இருப்பவர் வந்தால் தடிமன், காய்ச்சல் உள்ள பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். பரிசுப் பணத்தில் வார்ட்டுக்கு ஏதாவது செய்ய விரும்பினால் சிஸ்டரிடம் என்ன தேவை என்று கேட்டுச் செய்யுங்கள். ஆரோக்கியமான உறவினர்கள் இரத்த வங்கியில் இரத்தம் கொடுக்கலாம், அவர் கொடுக்க முடியாது.

குடும்பப் பெண்கள் எல்லோரும் கூடும் நாளில் இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள். சூலகப் புற்றுநோய் என்றால், குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் பற்றிச் சகோதரிகளும் மகள்மாரும் டொக்டரிடம் கேட்க வேண்டும். கருப்பைக் கழுத்து என்றால், பாடசாலையில் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் கொடுக்கப்படும், அந்தப் புற்றுநோயைத் தரும் வைரசுக்கு எதிரான எச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. 35, 45 வயதுப் பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் பரிசோதனை செய்யலாம்.

அடுத்த கிளினிக் திகதியை அன்றே கலண்டரில் குறித்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகும் சிலருக்கு நோய் திரும்புவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் வயிறு ஊதுவது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, இரத்தம் படுவது, ஒரு கால் புதிதாக வீங்குவது, மாறாத இடுப்பு நோவு, காரணமில்லாமல் மெலிவது, இவற்றில் எது வந்தாலும் அந்தத் திகதி வரை பொறுக்காமல் போங்கள்.