டார்ஜிலிங் மலை ரயிலைச் சிற்றளவில் அமைத்தல்: பாதையும் மின் இணைப்பும்

1879-இல் தொடங்கி 1881-இல் முடிக்கப்பட்ட டார்ஜிலிங் மலைப்பாதையின் அகலம் 610 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சுரங்கம்கூட இல்லாமல், சுழல்களாலும் (வளைந்து தன் மேலேயே கடக்கும் பாதை) ரிவர்ஸ்களாலும் (ரயில் ஒரு முட்டுப்பாதைக்குள் சென்று, பின்னோக்கி அடுத்த பாதையில் ஏறும் இடம்) மலை ஏறும் இப்பாதையின் ரயில்கள் மூன்று, நான்கு பெட்டிகளுக்கு மேல் பெரும்பாலும் நீள்வதில்லை. எனவே வீட்டில் ஒரு மேசையளவு இடமே உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி கிடைப்பது அரிது. 1:76 அளவில் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பயன்படுத்தும் ஓஓ9 முறையை இதற்குப் பரிந்துரைக்கிறேன். கணக்குப்படி பாதை 8 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஆனால் 9 மில்லிமீட்டர் பாதையில் ஓடும் 'என்' (N) அளவு ரயில்களுக்கான சக்கரங்களும் மோட்டார்களும் அப்படியே பயன்படும் என்பதால் அந்த ஒரு மில்லிமீட்டரைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தண்டவாளத்தை மட்டும் 'என்' அளவுக்குரியதாக வாங்கக் கூடாது. அதன் சிலீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் குறும்பாதையின் தோற்றமே கெட்டுவிடும். ஓஓ9-க்கென்றே அகன்ற இடைவெளியுடன் செய்யப்பட்ட பாதை தனியாக விற்கிறது.

1919-இல் அமைக்கப்பட்ட பத்தாசியா சுழலை மாதிரியின் மையமாகக் கொள்ளலாம். வளைவின் ஆரம் 250 மில்லிமீட்டர் எனில் ஒரு முழுச் சுற்றின் நீளம் சுமார் 1570 மில்லிமீட்டர். 30-க்கு 1 என்ற ஏற்றத்தில் இது 52 மில்லிமீட்டர் உயரத்தைத் தரும். மேலே செல்லும் பாதையின் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டையும் தண்டவாளத்தையும் கழித்தால், கீழே ரயில் தாராளமாக நுழையப் போதிய இடம் எஞ்சும். ஏற்றத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சட்டென்று மடக்காமல், ஒரு பெட்டியின் நீளத்துக்குப் படிப்படியாக மாற்ற வேண்டும்.

இனி மின் இணைப்பு. இந்தப் பாதையின் அடையாளமான பி வகை நீராவி இன்ஜினுக்கு நான்கே சக்கரங்கள்தான். அவையும் மிக நெருக்கமானவை. மாதிரியிலும் அந்த நான்கு சக்கரங்கள் வழியாகவே மின்சாரம் ஏற வேண்டும் என்பதால், பெரிய இன்ஜின்கள் பொருட்படுத்தாமல் கடக்கும் ஒரு சிறு தொடர்பற்ற இடமும் இதை நிறுத்திவிடும். ஆகவே ஃபிஷ்பிளேட்டுகளை, அதாவது தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு உலோகத் தகடுகளை, மின்சாரம் கடத்தும் பொருளாகக் கருதவே கூடாது. அவை தண்டவாளங்களை நேராகப் பிடித்து வைப்பதற்கு மட்டுமே. ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனித்தனியே ஒரு மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, பலகையின் அடியில் ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு முதன்மை ஒயர்களுடன் இணைக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் ஒயரே இதற்குப் போதும். பற்றவைக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இருபுறமும் ஈரப் பஞ்சை வைத்து, சூடான சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காமல் எடுத்தால் சிலீப்பர்கள் உருகாது. அமிலப் பசையைத் தவிர்த்து, ரோசின் கலந்த ஈயத்தையே பயன்படுத்துங்கள். தண்டவாள முனைகளுக்கிடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுவது நம் ஊர் வெயிலுக்கு அவசியம்.

"பின்பக்கத் தண்டவாளம் சிவப்பு, முன்பக்கத் தண்டவாளம் கறுப்பு" என்று சிலர் சொல்லும் விதி இந்த மாதிரியில் உதவாது. ஏனெனில் சுழலில் பின்பக்கத் தண்டவாளம் பாதிச் சுற்றில் முன்பக்கம் வந்துவிடும். ரிவர்ஸிலோ பயணத் திசையே மாறிவிடும். அதற்குப் பதிலாக, ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்து, அதைத் தூக்காமல் பாதை முழுவதும் கையால் தள்ளிச் செல்லுங்கள். பொட்டின் கீழுள்ள தண்டவாளத்துக்கெல்லாம் சிவப்பு ஒயர், மற்றதற்குக் கறுப்பு. சுழலும் ரிவர்ஸும் ரயிலைத் தலைமாற்றித் திருப்புவதில்லை என்பதால் இரண்டு நிறங்களும் எங்கும் மோதிக்கொள்ளாது. புறப்பட்ட பாதைக்கே ரயிலைத் திருப்பி அனுப்பும் வளையத்தைச் சேர்த்தால்தான் குறுக்குச் சுற்று ஏற்படும். அத்தகைய வளையம் இங்கு தேவையில்லை.

பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டுகளில், உள் தண்டவாளங்கள் கூராகச் சேரும் ஃப்ராக் உலோகத்தால் ஆனதாகவும் மின்சாரம் பாய்வதாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஃப்ராக் மலிவானது, எளிதானது. நான்கு சக்கர இன்ஜினுக்கு அது உதவாது. ஃப்ராக்கிலிருந்து வெளியே செல்லும் இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பான்களைப் போட்டு அதைத் தனிமைப்படுத்தி, அதிலிருந்து ஓர் ஒயரை ஆறு முனை ஸ்லைடு ஸ்விட்சின் நடு முனைக்கும், சிவப்பையும் கறுப்பையும் அதன் இரு ஓர முனைகளுக்கும் கொடுங்கள். ஸ்விட்சின் குமிழில் ஓட்டையிட்டு, ஒரு கம்பியால் பாயிண்டின் நகரும் கட்டையுடன் இணைத்தால், ஒரே தள்ளலில் பாதையும் மின்முனையும் சேர்ந்தே மாறும். பாயிண்டினுள் இருக்கும் சிறு ஸ்பிரிங்கை அப்போது கழற்றிவிடலாம். விலையுயர்ந்த மோட்டார்களைவிட இந்த ஏற்பாட்டையே நான் விரும்புகிறேன்; பழுதானால் எங்கே என்று பார்த்தவுடன் தெரியும்.

சாதாரண 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓட்டுபவர்கள், ரிவர்ஸின் முட்டுப்பாதைகளில் ரயில் மோதாதிருக்க, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் டையோடை அமைக்கலாம். கீழ் முட்டுப்பாதையில் இன்ஜின் முதலில் நுழைவதால், முடிவிலிருந்து ஒன்றரை இன்ஜின் நீளத்தில் ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டி, வெட்டின் குறுக்கே ஒரு ஆம்பியர் டையோடைப் பற்றவையுங்கள். இன்ஜின் வெட்டைக் கடந்ததும் நின்றுவிடும். திசையை மாற்றினால் கிளம்பும். மேல் முட்டுப்பாதையில் பெட்டிகள் முதலில் நுழைந்து இன்ஜின் கடைசியாக வரும். ஆகவே அங்கே வெட்டு, முடிவிலிருந்து முழு ரயிலின் நீளத்தைவிடச் சற்று அதிகமான தூரத்தில் அமைய வேண்டும். டையோடும் எதிர்த்திசையில் இருக்க வேண்டும். டிஜிட்டல் முறையில் இந்த ஏற்பாடு வேலை செய்யாது. ஆனால் அம்முறையில் இன்ஜினுக்குள் ஒரு மின்தேக்கியை வைத்து நொடிப்பொழுது மின்தடையைச் சமாளிக்கலாம். இன்ஜினுக்குள் இடம் இருந்தால்.

இயற்கைக் காட்சிகளில் கை வைக்கும் முன், மல்டிமீட்டரால் ஒவ்வொரு துண்டையும் சோதித்து, இன்ஜினை மிக மெதுவான வேகத்தில் இரு திசைகளிலும் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அது தயங்கும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு, அங்கே கூடுதல் ஒயர் கொடுங்கள். மலை எழுந்த பிறகு சுழலின் அடிப்பகுதிக்குக் கை நுழையாது.

குர்சியாங் கடைவீதியைப்போல் சாலையோடு ஒட்டி ஓடும் பாதையை அமைக்கும்போது, சாலைப் பூச்சு தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிட அரை மில்லிமீட்டர் தாழ்ந்தே இருக்க வேண்டும். இல்லையெனில் துடைக்கும்போது தூசி தண்டவாளத்தில் ஏறும். சக்கர விளிம்பு செல்லும் பள்ளத்தை, பூச்சு காய்வதற்குள் ஒரு பெட்டியை ஓட்டியே திறந்துவிடலாம். ஜல்லிக்கு ஆற்றுமணலைச் சலித்துப் பயன்படுத்துவோர், ஒட்டுவதற்கு முன் அதன்மேல் காந்தத்தை நகர்த்தி இரும்புத் துகள்களை நீக்கிவிட வேண்டும். அவை மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. உண்மையான பி வகை இன்ஜினின் முன்புறம் இருவர் அமர்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே செல்வார்கள். மாதிரியில் அவ்விரு பொம்மைகளைத் தவறாமல் வையுங்கள். மணலை மட்டும் தண்டவாளத்தின் மேல் தூவிவிடாதீர்கள்.