பழைய பணத்தாள்களின் நினைவு அட்டைகளைச் சேகரிக்கும் முறை

அமெரிக்க அரசின் செதுக்கல் மற்றும் அச்சடிப்புப் பணியகம் 1954-இல் ஓர் அஞ்சல்தலைக் கண்காட்சிக்காகத் தொடங்கிய நினைவு அட்டைகள் (அஞ்சல்தலை, பணத்தாள் போன்றவற்றின் உருவங்களை அச்சிட்ட, செலவாணியாகாத அட்டைகள்), 1969 முதல் நாணயவியல் மாநாடுகளுக்காகவும், அதாவது நாணயம், பணத்தாள் சேகரிப்பாளர்களின் கூட்டங்களுக்காகவும், வெளிவந்தன. கலையழகுக்குப் பெயர்பெற்ற 1896-ஆம் ஆண்டு வெள்ளிச் சான்றிதழ்த் தாள்களின் (வெள்ளியாக மாற்றிக்கொள்ளத்தக்க பணத்தாள்களின்) உருவங்கள் இவ்வட்டைகள் சிலவற்றில் இடம்பெற்றுள்ளன. அசல் தாளை வாங்க வசதியில்லாதவருக்கு அந்தச் செதுக்கல் வேலையை அருகிலிருந்து காண இதைவிட எளிய வழி இல்லை என்றே சொல்வேன்.

எல்லா நினைவு அட்டைகளும் செதுக்கிய தகட்டிலிருந்து அச்சிடப்பட்டவை அல்ல. சில முழுவதும் ஆஃப்செட் முறையில், அதாவது பள்ளமில்லாத தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியே மையைக் காகிதத்துக்கு மாற்றும் முறையில், அச்சானவை. எனவே வாங்கும் முன் அட்டையைச் சாய்வான ஒளியில் பிடித்து, உருப்பெருக்கியால் பாருங்கள். தகட்டின் பள்ளங்களில் நிறைந்த மையைப் பெரும் அழுத்தத்தில் காகிதம் உறிஞ்சி எடுப்பதால், இப்படிச் செதுக்கிய தகட்டில் அச்சிடும் செதுக்கச்சில் கோடுகள் மேடிட்டு, அறுபடாமல் கூர்மையாகத் தெரியும். புள்ளிகளின் கூட்டமாகத் தெரிந்தால் அது செதுக்கச்சு அன்று. விரலால் தடவிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

தபால்தலை ஒட்டி முத்திரையிட்ட அட்டைகளும் உண்டு. முத்திரையற்றவற்றோடு கலக்காமல் அவற்றைத் தனி வரிசையாக வைப்பது நல்லது. மூலை மடிப்பும் பழுப்புக் கறையும் மதிப்பைக் குறைக்கும். பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் நாளடைவில் காகிதத்தைக் கெடுக்குமாதலால் பாலியெஸ்டர் உறைகளில், அமிலமற்ற தாளைப் பின்புறம் வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.