அகழ்ந்தெடுத்த சேற்றுக்கு முதலில் இடம் பாருங்கள்: திருகோணமலை முனையப் பணிகளுக்கான வழிகாட்டி

முனையம் கட்டும்போது கடலடியை எத்தனை மீட்டர் ஆழப்படுத்துவது என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். தோண்டிய மண் எங்கே போகும் என்ற கேள்வியோ அகழ்வுக் கப்பல் வந்து நங்கூரமிட்ட பிறகே எழுகிறது. இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். திருகோணமலை இயற்கையாகவே ஆழமான துறைமுகம்தான். ஆனாலும் கரையை ஒட்டிப் புதிய இறங்குதுறை அமைக்கும்போது விளிம்பை வெட்டாமல் முடியாது. கொட்டியாரக் குடாவிலோ மகாவலி கொண்டுவரும் வண்டலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் மண்ணை அறியுங்கள். வடிவமைத்த ஆழத்துக்குச் சற்றுக் கீழே வரை துளையிட்டு, அடுக்கு அடுக்காக மாதிரி எடுங்கள். ஆய்வுகூட முடிவு வரும் வரை ஓர் எளிய சோதனை போதும்: ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, கடல்நீர் ஊற்றிக் குலுக்கி, யன்னல் ஓரம் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் விழுந்துவிடும். மறுநாள் காலையிலும் நீர் பால்போல் கலங்கியிருந்தால், உங்களுக்குச் சிரமம் தரப்போகும் களி அதுதான். கறுத்த சேறு அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அதில் கந்தகச் சேர்வைகள் உள்ளன. கண்டல் காடுகளை அண்டிய சேற்றில் இது அடிக்கடி காணப்படும். அதைக் காற்றில் காயவிட்டால் அமிலம் சுரந்து அயல் மண்ணையும் நீரையும் கெடுக்கும் ஆபத்து உண்டு. எனவே ஈரம் மாறாமல் நீருக்கடியில் வையுங்கள், அல்லது சுண்ணாம்பு கலந்து கையாளுங்கள்.

பழைய கப்பல் தளங்களின் அருகே பார உலோகம், எண்ணெய், கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசப்பட்டு 2008 இல் உலகளவில் தடைசெய்யப்பட்ட ட்ரைபியூட்டைல்ரின் நச்சுப் பூச்சு ஆகியவற்றைத் தேடுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய துறைமுகம் இது. வெடிக்காத குண்டுகள் புதைந்திருக்கலாம் என்பதால், இரும்பைக் கண்டறியும் காந்தமானி அளவீடு செய்யாமல் அகழ்வு வாளியை இறக்கக் கூடாது.

பிறகு மணல், களி, மாசுபட்ட சேறு என்று மூன்றாகப் பிரியுங்கள். நல்ல மணல் செல்வம்: இறங்குதுறைச் சுவரின் பின்புற நிரப்பலுக்கு அதைத் தனியே குவியுங்கள். உப்பைக் கழுவாமல் கொங்கிறீற்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். மாசுபட்ட சேற்றை அடைப்புள்ள தேக்கத்திலேயே வைக்க வேண்டும். மூன்றையும் ஒரே லொறியில் கலந்தால், கலந்த முழுவதும் மாசுபட்டதாகவே கணக்காகும்.

கடலில் கொட்டுவதற்கு 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையின் அனுமதி தேவை. குடாவிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கு அருகிலேயே இருப்பதால், அங்கே கொட்டினால் மறைந்துவிடும் என்று சிலர் நினைப்பார்கள். நீலத் திமிங்கிலங்கள் உலவும் கடல் அது, ஆழம் அனுமதியாகாது.

கரையில் தேக்கம் அமைப்பதே பெரும்பாலும் உங்கள் வேலையாக இருக்கும். உறிஞ்சிக் குழாய் வழியே தள்ளும்போது, ஒரு கன மீட்டர் மண்ணோடு நான்கைந்து மடங்கு நீரும் வரும். மண்ணின் கன அளவை மட்டும் வைத்துத் தேக்கத்தை வெட்டினால் முதல் வாரமே நிரம்பிவிடும். குளத்துக்கு மிகைநீர் வழியும் வான் எப்படியோ, தேக்கத்துக்குப் பலகை மதகு அப்படி. குழாய் வாயிலிருந்து இயன்றளவு தூரத்தில் அதை வையுங்கள். சேறு உயர உயரப் பலகையைக் கூட்டுங்கள். பலகைக்கு மேலாக நீர் மெல்லிய படலமாக வழிய வேண்டும்.

நான் முன்னர் பணியாற்றிய ஒரு தளத்தில், இரவுக் குழுவினர் நீரை விரைவாக வெளியேற்ற இரண்டு பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். விடிந்தபோது, வெளிவாய்க்கு எதிரே கட்டியிருந்த நண்டு வலைகளின் கண்கள் எல்லாம் சேற்றால் அடைபட்டிருந்தன. வலைக்காரர் ஒருவர் பேசாமல் வலையை உதறிக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து, பொறுப்பாளரின் கையொப்பம் இல்லாமல் எவரும் பலகையைத் தொடக் கூடாது என்பது என் முதல் விதி. வேலை தொடங்குமுன் மூதூர், கிண்ணியாக் கடற்றொழிலாளர் சங்கங்களுடன் பேசுங்கள். கலங்கல் கண்டால் அழைத்து நிறுத்தச் சொல்லும் தொலைபேசி இலக்கம் அவர்களிடம் இருக்கட்டும். கலங்கலை ஒவ்வொரு வேலைமுறையிலும் அளந்து எழுதுங்கள். கலங்கல் பரவாமல் நீரில் தொங்கவிடும் சேற்றுத் திரையை நம்பியிருக்க வேண்டாம். நீரோட்டம் வலுத்தால் அது மேலெழும்பிவிடும்.

காலத்தையும் பாருங்கள். கச்சான் வீசும் மாதங்களில் சேறு காயும். வாடைமழை பிடித்தால் தேக்கம் மீண்டும் குளமாகும். ஆகவே நிரப்பும் வேலையை வைகாசிக்கு முன் முடித்து, வெயில் மாதங்களைச் சேறு காய விடுவது நல்லது. வரம்பின் உயரத்தில் மழைக்கும் இடம் விடுங்கள்.

மேலோடு வெடித்து இறுகியதுபோல் தெரிந்தாலும் நம்பி இயந்திரத்தை ஏற்றாதீர்கள். நீளமான கம்பி ஒன்றைக் கையால் அழுத்துங்கள். மேலோட்டைத் தாண்டியதும் தடையின்றி இறங்கினால் உள்ளே இன்னும் கூழ்தான். ஆடு மாடும் சிறுவர்களும் அதில் நடந்து புதையக்கூடும் என்பதால், குழாய் நின்ற பின்னரும் வேலியையும் காவலையும் எடுக்காதீர்கள்.